டெல்டா: கதவின் பெயர் கொண்ட எழுத்து

கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்தாகிய டெல்டாவின் பெயர் இன்று ஆற்றின் கழிமுக நிலத்தையும், கணிதத்தில் ஓர் அளவு அடையும் மாற்றத்தையும், தோளைப் போர்த்திருக்கும் தசையையும், ஒருவகை வானூர்திச் சிறகையும், அண்மைக் காலப் பெருந்தொற்றில் பரவிய ஒரு நச்சுயிரித் திரிபையும் சுட்டி நிற்கிறது. ஒன்றுக்கொன்று உறவற்ற இத்தனை பொருள்கள் ஒரே பெயரில் வந்து சேர்ந்ததற்குக் காரணம், கிரேக்க மொழியில் அப்பெயருக்கு எழுத்தைச் சுட்டுவதைத் தவிர வேறு பொருள் எதுவும் இல்லாமல் போனதுதான். கிரேக்கர்க்கு முன்பு அதை வழங்கிய மக்களின் மொழியில் அது 'கதவு' என்று பொருள்படும் நாட்டுச் சொல்லாக இருந்தது. கடல் கடந்து வந்தபோது அப்பொருள் உதிர்ந்துவிட, எழுத்தின் வடிவம், அதன் ஒலி, வரிசையில் அதன் இடம் ஆகிய மூன்று மட்டுமே பெயரோடு ஒட்டிக்கொண்டன. பின்னாளில் டெல்டா ஏற்ற பொருள்களைத் தோண்டிப் பார்த்தால், ஏறக்குறைய அனைத்தின் வேரும் இம்மூன்றில் ஏதேனும் ஒன்றில் போய் முடிகிறது.

கிரேக்க எழுத்துகளின் பெயர்களுள் முதல் நான்கான ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்பவை கிரேக்கச் சொற்கள் அல்ல. எபிரேயம், பீனிசியம், அரமேயம், அரபு, அக்காடியம் ஆகியவற்றை உள்ளடக்கிய செமித்திய மொழிக் குடும்பத்தில் அவற்றுக்கு இணையான பெயர்கள் ஆலெஃப், பேத், கிமெல், தாலெத் என அமைகின்றன. ஆலெஃப் என்றால் காளை. பேத் என்றால் வீடு. தாலெத் என்ற பெயர் கதவைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புடையது. எபிரேயத்தில் கதவு 'தெலெத்' எனவும், மெசபடோமியாவின் அக்காடிய மொழியில் 'தால்து' எனவும் வழங்கியது. எழுத்துக்கு ஒரு பொருளின் பெயரைச் சூட்டி, அப்பெயரின் முதல் ஒலியையே எழுத்தின் ஒலியாகக் கொள்ளும் இம்முறையை அறிஞர்கள் முதலொலி முறை என்பர். வீட்டின் படத்தை வரைந்தால் அது 'ப' என்ற மெய். கதவின் படத்தை வரைந்தால் அது 'த' என்ற மெய். எகிப்தியப் பட எழுத்துகளையும் மெசபடோமிய ஆப்பெழுத்துகளையும் கற்றுத் தேர ஒருவருக்குப் பல ஆண்டுகள் பிடித்த காலத்தில், முப்பதுக்கும் குறைவான குறிகளைக் கொண்டு ஒரு மொழியை முழுமையாக எழுதிவிட முடியும் என்று கண்டது மனித அறிவின் பெரும் சாதனைகளுள் ஒன்று.

அச்சாதனையின் தடயங்களை 1905ஆம் ஆண்டில் சினாய்த் தீவக்குறையின் செராபித் எல் காதிம் என்ற இடத்தில், எகிப்தியர் நீலப்பச்சைக் கற்களை வெட்டி எடுத்த சுரங்கங்களுக்கு அருகே, தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்தார். அங்கு ஹத்தோர் என்ற தேவியின் கோயிலில் கிடைத்த சிறிய மணற்கல் ஸ்பிங்ஸ் உருவம் ஒன்று, இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் தோள் பகுதியில் முறையான எகிப்தியப் பட எழுத்தில் தேவியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்க, பீடத்தின் பக்கவாட்டில் எகிப்தியம் அல்லாத வேறொரு கை, கோணல்மாணலாகச் சில படங்களைக் கீறியிருக்கிறது. எகிப்தியவியலாளர் ஆலன் கார்டினர் 1916இல் இக்குறிகளுக்கு முதலொலி முறையைப் பொருத்திப் பார்த்தார். வீடு, கண், கோல், குறுக்குக்குறி என்று நின்ற நான்கும், 'பாலத்' அதாவது 'தலைவி' என்ற செமித்தியச் சொல்லாக விரிந்தன. ஹத்தோரை அம்மக்கள் அப்படித்தான் அழைத்தனர் என்று கொள்ள இது பொருத்தமாக இருந்தது. இன்று உலகில் வழங்கும் அகரவரிசைகளுள் மிகப் பலவற்றின் மூதாதை இக்குறிகள் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கின்றனர்.

டெல்டாவின் மூதாதைக் குறி எது என்பதில் மட்டும் ஒரு கருத்து வேறுபாடு நீடிக்கிறது. சினாய்க் கல்வெட்டுகளில் செவ்வக வடிவான கதவுக் குறி ஒன்று இருப்பது போலவே மீன் குறி ஒன்றும் இருக்கிறது. செமித்திய மொழிகள் சிலவற்றில் மீனின் பெயரும் 'தாக்' என்று தகர ஒலியிலேயே தொடங்குவதால், அந்த ஒலிக்கு முதலில் நின்றது மீன்தான் என்று கொள்வோர் உண்டு. அவர்களை மறுப்போர் மீனை வேறோர் எழுத்தின் முன்வடிவாகக் காண்கின்றனர். எப்படியாயினும், பெயர் நிலைபெற்றபோது வென்றது கதவே. கிறித்துவுக்கு முன் முதல் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் லெபனான் கடற்கரையின் பீனிசியர் எழுதிய எழுத்தில் இக்குறி முக்கோணமாகச் சுருங்கிவிட்டது. கூடாரத்தின் வாயில் திரை முக்கோணமாகத் தொங்குவதை வைத்து இம்மாற்றத்தை விளக்குவோர் உண்டு. கைவேகத்தில் மூலைகள் தேய்ந்து நான்கு கோடு மூன்றாகிவிட்டது என்ற எளிய விளக்கமே கூடுதல் பொருத்தமாகத் தோன்றுகிறது.

பீனிசிய வணிகரிடமிருந்து கிரேக்கர் எழுத்தைக் கற்றது கி.மு. 800ஐ ஒட்டிய காலத்தில் எனலாம். காட்மஸ் என்பவனோடு வந்த பீனிசியர் இவ்வெழுத்துகளைக் கொண்டுவந்தனர் என்றும், அதனால் அவை 'பீனிசிய எழுத்துகள்' என்றே வழங்கின என்றும் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். கிரேக்கச் சொல் உயிரொலியில் முடிய வேண்டும், அல்லது ன, ர, ஸ ஆகிய மெய்களில் முடிய வேண்டும். தகர மெய்யில் முடியும் பெயர் அவர்கள் நாவுக்கு அயலானது. பேச்சுத் தமிழில் பிறமொழிச் சொல்லின் ஈற்று மெய்யோடு உகரம் வந்து ஒட்டிக்கொள்வதைப் போல, அங்கே ஆகாரம் வந்து ஒட்டியதால் பெயர் டெல்டா ஆயிற்று. வடிவமும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருக்கவில்லை. ஏதென்ஸ் நகரத்தார் அடித்தளம் கொண்ட முக்கோணமாக எழுத, மேற்குக் கிரேக்க ஊர்கள் சிலவற்றில் ஒரு பக்கம் வளைந்து வில்லும் நாணுமாக நின்றது. இத்தாலி சென்ற வளைந்த வடிவமே எட்ரஸ்கர் வழியாக ரோமானியரை அடைந்து, இன்றைய ஆங்கிலத்தின் 'டி' என்ற பெரிய எழுத்தானது. ஒலியும் காலப்போக்கில் மாறியது. இன்றைய கிரேக்கர் இதை உச்சரிக்கும்போது எழும் ஒலி, 'அது' என்ற தமிழ்ச் சொல்லின் நடுவில் உள்ள தகர ஒலிக்கு நெருங்கியது. தமிழில் இப்பெயரை எழுதும்போது வரும் டகரம் ஆங்கிலத்தின் வழியாக வந்தது.

கதவு என்ற பொருள் எழுத்தின் பெயரிலிருந்து மறைந்தாலும், அதே வேர் வேறொரு சொல்லாகக் கிரேக்கத்தில் நுழைந்து வாழ்ந்தது என்பது இவ்வரலாற்றில் மிக அழகான செய்தி. எழுதும் பலகைக்குக் கிரேக்கத்தில் 'தெல்டோஸ்' என்று பெயர். கீல் பொருத்தி மடிக்கத்தக்க இரட்டைப் பலகைகளை, இரட்டைக் கதவின் பெயரால் செமித்திய மக்கள் அழைத்தனர்; எபிரேய வேதத்தின் எரேமியா நூலில் சுருளில் எழுதப்பட்ட பத்திகளுக்கே கதவுகள் என்ற சொல் ஆளப்படுகிறது. சைப்ரஸ் தீவின் இடாலியான் நகரத்தில் கிடைத்த கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு வெண்கலப் பட்டயம், தன்னைத் தானே 'தால்டோஸ்' என்று குறிப்பிட்டுக்கொள்கிறது. செமித்தியச் சொல்லின் ஆகார உயிர் அங்கு அப்படியே தங்கிவிட்டது. அத்தகைய பலகை ஒன்று கண்ணுக்கும் கிடைத்திருக்கிறது. துருக்கியின் தென்கரையில் உலுபுருன் முனைக்கருகே கி.மு. 1300ஐ ஒட்டி மூழ்கிய வணிகக் கப்பலைக் கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பவர் ஒருவர் 1982இல் கண்டார்; 1984 முதல் 1994 வரை நடந்த அகழாய்வில், மாதுளம்பழங்கள் இட்டு வைத்திருந்த பெரிய தாழி ஒன்றுக்குள், உள்ளங்கைக்குள் அடங்கும் மரப்பலகை இணை ஒன்று கிடைத்தது. இரு பலகைகளின் உட்பக்கமும் சற்றே குடையப்பட்டு, மெழுகு பிடித்து நிற்பதற்காகக் குறுக்கும் நெடுக்கும் கீறப்பட்டிருக்கிறது. இரண்டையும் இணைப்பது யானைத் தந்தத்தால் கடைந்த உருளைக் கீல். மெழுகும் அதன் மேல் எழுதியிருந்ததும் கரைந்து போயின. ஆயினும் அதைத் திறந்து மூடியவர்க்கு அது கதவாகத் தோன்றியதில் வியப்பில்லை என்பதை அந்தக் கீல் ஒன்றே காட்டிவிடுகிறது.

கிரேக்கர் கையில் டெல்டா எண்ணாகவும் மாறியது, அதுவும் இரு வேறு வழிகளில். ஏதென்ஸ் நகரத்தார் எண்ணுப் பெயரின் முதல் எழுத்தையே எண்குறியாகக் கொண்டனர். பத்துக்கு 'டெக்கா' என்று பெயர் ஆதலால் டெல்டா பத்தானது. ஐந்தைக் குறித்த பை என்னும் எழுத்தின் கால்களுக்கிடையே ஒரு சிறு டெல்டாவைத் தொங்கவிட்டால் ஐந்து பத்துகள், அதாவது ஐம்பது. கி.மு. 454 முதல் நேச நாடுகள் செலுத்திய திறையில் தேவி அதீனாவுக்குரிய பங்கை ஏதென்சு கல்லில் வெட்டி வைத்த கணக்குகளில் இக்குறிகளை இன்றும் காணலாம். அயோனியக் கிரேக்கரோ எழுத்து நிற்கும் வரிசையையே எண்ணாகக் கொண்டனர். அவர்களிடம் டெல்டா நான்கு. இம்முறையே நாளடைவில் கிரேக்க உலகெங்கும் நிலைத்தது. ஒரே குறி ஓரூரில் பத்தாகவும் மற்றோரூரில் நான்காகவும் நின்றது குழப்பமாகத் தோன்றலாம். பெயருக்கு உள்ளே பொருள் இல்லாதபோது ஒலியும் இடமும் தனித்தனியே பொருள் பெற்றுத் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

ஒலியின் வழியே பிறந்த பொருள்களுள் கணிதம் சார்ந்தவை நீண்ட வாழ்வு கண்டன. அலெக்சாந்திரியாவின் டையோஃபாண்டஸ், 'அரித்மெட்டிகா' என்ற தம் நூலில், தெரியாத எண்ணின் வர்க்கத்தைக் குறிக்க டெல்டாவை எழுதி அதன் தலையில் ஒரு சிறு உப்சிலானை வைத்தார். ஆற்றல் என்று பொருள்படும் 'தூனமிஸ்' என்ற சொல்லின் முதல் இரு எழுத்துகள் அவை. சொற்களால் மட்டுமே எழுதப்பட்டு வந்த இயற்கணிதத்தில் குறியீடு தலைகாட்டிய மிகப் பழைய இடங்களுள் ஒன்று இது. பல நூற்றாண்டுகள் கழித்து, 1675இல் லைப்னிட்ஸ் மிக நுண்ணிய வேறுபாட்டைக் குறிக்க 'வேறுபாடு' என்ற இலத்தீன் சொல்லின் முதலெழுத்தான சிறிய 'டி'யைத் தேர்ந்தார். அதனினும் பெரிய, அளந்து சொல்லத்தக்க வேறுபாட்டுக்கு வேறு குறி தேவைப்பட்டபோது, லியோனார்டு ஆய்லர் 1755இல் வெளியிட்ட வகைநுண்கணித நூலில் முக்கோண டெல்டாவை ஆண்டார். அதே நூலில் கூட்டுத்தொகைக்குச் சிக்மாவையும் அறிமுகப்படுத்தினார். வேறுபாட்டின் முதல் ஒலியும் கூட்டுத்தொகையின் முதல் ஒலியும் கிரேக்க உடை அணிந்து இணையாக நின்றன. வெப்பநிலை 30 பாகையிலிருந்து 34 பாகைக்கு ஏறினால் அந்த நான்கு பாகையை முக்கோணக் குறியிட்டு எழுதும் இன்றைய பள்ளி மாணவர் பயன்படுத்துவது ஆய்லரின் குறிதான்.

சிறிய டெல்டாவுக்கும் தனி வரலாறு உண்டு. அதே 1755இல், பத்தொன்பது வயது லக்ராஞ்ச் ஆய்லருக்கு எழுதிய மடலில், ஒரு வளைகோட்டின் மீது நகராமல் வளைகோடு முழுவதையுமே சற்று அசைத்துப் பார்க்கும் மாற்றத்துக்குச் சிறிய டெல்டாவைக் குறியாக வைத்தார். அடுத்த நூற்றாண்டில் கோஷியும் வையர்ஸ்ட்ராஸும் எல்லை என்ற கருத்துக்கு ஐயமற்ற வரையறை தந்தபோது, எப்சிலானும் டெல்டாவும் இணைபிரியாத் தோழர்களாயின: விடையில் எவ்வளவு சிறிய பிழையை ஒருவர் பொறுத்துக்கொண்டாலும், அப்பிழைக்குள் விடை அடங்கும்படி உள்ளீட்டை எவ்வளவு நெருக்கத்தில் வைக்க வேண்டும் என்று சொல்லும் எண்ணே டெல்டா. நுண்கணிதத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாக நிலவிய தெளிவின்மை இந்த இரண்டு எழுத்துகளால் நீங்கியது.

டெல்டாவைத் தலைகீழாகத் திருப்பினாலும் கதை முடிவதில்லை. ஐரிய கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய, ஒரு பரப்பில் ஓர் அளவு எத்திசையில் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று கூறும் செயலி, தலைகீழ் முக்கோணமாக எழுதப்படுகிறது. டெல்டாவின் எழுத்துகளைத் திருப்பிப்போட்டு இதை 'அட்லெட்' என்று அழைத்தோரும் உண்டு. நிலைத்த பெயரோ 'நாப்லா'. எடின்பரோவில் இயற்பியலறிஞர் டெயிட்டின் உதவியாளராக இருந்த வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், குறியின் வடிவம் பழைய யாழை ஒத்திருப்பதைக் கண்டு இப்பெயரைச் சொன்னார். அவர் பின்னாளில் எபிரேயத்திலும் அரபியிலும் பெரும் புலமை பெற்றவர்; நாப்லா என்ற கிரேக்கச் சொல்லோ, எபிரேய வேதத்தில் 'நேவெல்' என வரும் நரம்பிசைக் கருவியின் செமித்தியப் பெயரிலிருந்து கிரேக்கர் பெற்றது. இருபத்தேழு நூற்றாண்டுகளுக்கு முன் செமித்தியரிடம் கடன் பெற்ற எழுத்தைப் புரட்டிப் போட்டபோது, அதற்கும் செமித்தியப் பெயரே அமைந்தது தற்செயல்தான். ஆயினும் அறிந்து மகிழத்தக்க தற்செயல்.

வரிசையில் நான்காம் இடம் என்பது மட்டுமே பொருளாக நின்ற இடங்கள் பல. ஆக்ஸ்பர்க் நகர வழக்கறிஞர் யோகான் பேயர் 1603இல் வெளியிட்ட 'யுரானோமெட்ரியா' என்ற விண்மீன் படத்தொகுப்பில், ஒவ்வொரு விண்மீன் கூட்டத்திலும் ஏறத்தாழ ஒளியின் அளவை ஒட்டி ஆல்ஃபா, பீட்டா என்று பெயரிட்டுச் சென்றார். அவ்வாறு செஃபியஸ் கூட்டத்தில் டெல்டா என்ற பெயர் விழுந்த மங்கலான விண்மீன், ஐந்து நாள் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான கால இடைவெளியில் ஒளி கூடிக் குறைவதை, குழந்தைப் பருவத்திலேயே செவித்திறன் இழந்த ஜான் குட்ரிக் என்ற இளைஞர் 1784இல் இங்கிலாந்தின் யார்க் நகரிலிருந்து கண்டார். இவ்வகை விண்மீன்களின் அலைவுக்காலமும் உண்மை ஒளியும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று ஹென்றியட்டா லெவிட் 1912இல் நிறுவியதே, விண்மீன் மண்டலங்களுக்கிடையே உள்ள தொலைவை அளக்கும் வழியைத் திறந்தது. நச்சுயிரித் திரிபும் வரிசையால் பெயர் பெற்றதே. பி.1.617.2 என்ற அறிவியல் பெயர் நாவில் நிற்காததால் அதை நாட்டின் பெயரால் 'இந்தியத் திரிபு' என்று செய்தித்தாள்கள் எழுதத் தொடங்க, நாடுகள் மீது பழி விழுவதைத் தவிர்க்க உலக நலவாழ்வு நிறுவனம் 2021 மே 31 அன்று கிரேக்க எழுத்துகளைப் பொதுப் பெயர்களாக அறிவித்தது. யாருடைய ஊரையும் சுட்டாத பெயர் வேண்டியிருந்தபோது, பொருளற்ற பழைய எழுத்துப் பெயர் அதற்கு நன்கு பயன்பட்டது.

எஞ்சியிருப்பது வடிவம்; டெல்டாவின் பொருள்களுள் மிக வளமானவை அதிலிருந்தே வந்தன. ஆந்த்ரோமெடா விண்மீன் கூட்டத்துக்கு அருகே மூன்று விண்மீன்கள் அமைந்த சிறு கூட்டத்தைக் கிரேக்கர் 'தெல்டோடான்' என்றனர். அது சேயுஸ் கடவுளின் பெயர் வேற்றுமை ஏற்கும்போது பெறும் முதலெழுத்து என்று சிலரும், எகிப்து நாட்டின் வடிவம் என்று சிலரும் பொருள் கூறினர். தோளின் தசைக்கு உடற்கூற்றியலார் வைத்த பெயரின் நேர்ப்பொருள் 'டெல்டா வடிவானது' என்பதே.

நைல் ஆற்றின் கழிமுகத்துக்கு இப்பெயரை இட்டவர் ஹெரோடோட்டஸ் என்று பல நூல்கள் கூறுவது சரியன்று. டெல்டா மட்டுமே எகிப்து, மற்றவை லிபியாவும் அரேபியாவும் என்று அயோனியர் கூறுவதை அவரே எடுத்துக்காட்டி மறுக்கிறார். ஆகவே அவருக்கு முன்பே பெயர் வழக்கில் இருந்தது. வடக்கே கடலிலிருந்து தெற்கு நோக்கி வரும் கிரேக்க மாலுமிக்கு, முக்கோணத்தின் அகன்ற அடி தன் முன்னும், ஆறு கிளை பிரியும் உச்சி இன்றைய கெய்ரோவை ஒட்டி அப்பாலும் இருக்க, எழுத்து நிமிர்ந்தே நிற்கும். வடக்கை மேலே வைத்து வரையும் இன்றைய படத்தில்தான் அது தலைகீழாகத் தெரிகிறது. பெயர் ஹெரோடோட்டஸுடையது அன்று என்றாலும், அந்நிலம் எப்படி உருவானது என்று அவர் சிந்தித்த முறை இன்றும் மதிக்கத்தக்கது. கரையிலிருந்து ஒரு நாள் கடற்பயணத் தொலைவிலேயே பதினொரு பாக ஆழத்தில் நூலை இறக்கினால் சேறு ஒட்டி வருவதையும், உள்நாட்டு மலைகளில் கடற்சிப்பிகள் கிடப்பதையும், எகிப்தின் கரிய மண் அண்டை நாடுகளின் மணலையும் களிமண்ணையும் ஒத்திராததையும் ஒன்றாக வைத்து, ஒருகாலத்தில் கடல் வளைகுடாவாக இருந்ததை ஆறு தூர்த்திருக்கிறது என்று முடிவு செய்தார். நைல் ஆறு செங்கடலில் திரும்பி விழுமானால் அதையும் இருபதாயிரம் ஆண்டுகளுக்குள், ஏன் பத்தாயிரம் ஆண்டுகளுக்குள்ளேயே நிரப்பிவிடும் என்று அவர் கணித்தார். ஓர் ஆற்றின் வேலையை ஆயிரமாண்டுக் கணக்கில் எண்ணிப் பார்க்கத் துணிந்த அறிஞர் அக்காலத்தில் மிகச் சிலரே. இன்றைய துளையிடல் ஆய்வுகள், பனியுகம் முடிந்து ஏறிக்கொண்டிருந்த கடல்மட்டத்தின் வேகம் தணிந்த 8,500 முதல் 6,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில்தான் உலகின் பெரும் டெல்டாக்கள் வளரத் தொடங்கின எனக் காட்டுகின்றன. ஹெரோடோட்டஸின் மதிப்பீடு அந்த அளவிலிருந்து வெகுதூரம் விலகவில்லை.

ஓர் ஆற்றின் சிறப்புப் பெயர் எல்லா ஆறுகளுக்கும் பொதுப்பெயராகும் வழியில் முதல் அடி, இந்தியத் துணைக்கண்டத்தில் விழுந்தது. கி.மு. 325இல் அலெக்சாந்தரின் படை சிந்து ஆற்றின் வழியே இறங்கிக் கழிமுகத்தை அடைந்தது. பிற்காலத்தில் அப்படையெடுப்பின் வரலாற்றை எழுதிய அர்ரியன், சிந்துவும் எகிப்தில் உள்ளதைப் போன்ற டெல்டாவை அமைக்கிறது என்றும், உள்நாட்டு மொழியில் அதன் பெயர் பட்டாலா என்றும் குறிக்கிறார்.

டெல்டா உருவாகும் முறை, சொல்வதற்கு எளிது, விளைவுகளில் பலவகைப்பட்டது. சரிவில் விரைந்து வரும் நீர் மணலையும் வண்டலையும் களிமண்ணையும் சுமந்து வருகிறது. நிலைநீரை அடைந்ததும் வேகம் குறைய, முதலில் பருமணல் விழுகிறது; நுண்வண்டல் சற்று அப்பால் செல்கிறது; களிமண் துகள்கள் உப்புநீர் பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் இறங்குகின்றன. முகத்துவாரத்தின் நடுவில் மணல்திட்டு எழும்பி ஓட்டத்தை இரண்டாகப் பிளக்கிறது. ஒவ்வொரு கிளையின் வாயிலும் அதே செயல் மீண்டும் நடக்கிறது. நிலம் கடலுக்குள் நீள நீள ஆறு நடக்க வேண்டிய தொலைவு கூடிச் சரிவு குறைவதால், ஒரு பெருவெள்ளத்தில் கரையை உடைத்துக்கொண்டு கடலுக்குக் குறுக்கு வழி தேடி, பழைய பாதையைக் கைவிடுகிறது. மிசிசிப்பி ஆறு கடந்த 7,000 ஆண்டுகளில் இவ்வாறு பலமுறை இடம் மாறியிருக்கிறது; இன்னொரு முறை மாறி அட்சஃபலையா ஆற்றின் வழியே போய்விடாமல் இருக்கத்தான் 1963 முதல் மதகுகள் கொண்டு அதைக் கட்டுப்படுத்தி வருகின்றனர்.

ஆறு கொண்டுவந்ததைக் கடல் அப்படியே விட்டுவைப்பதில்லை. ஆற்றின் கை ஓங்கிய மிசிசிப்பியில் நிலம் பறவையின் கால்விரல்களைப் போல் நீண்டிருக்கிறது. அலையின் கை ஓங்கிய நைலில் கரை வழித்துவிட்ட வில்லாக வளைந்திருக்கிறது. ஓதம் ஆட்சி செய்யும் கங்கை, பிரம்மபுத்திரா கழிமுகத்தில் சுந்தரவனத்தின் எண்ணற்ற உப்பங்கழிகள் நிலத்தைக் கூறுபோடுகின்றன. இம்மூன்று ஆற்றல்களையும் மூன்று மூலைகளில் வைத்து, உலகின் டெல்டாக்களை இடையே புள்ளியிட்டுக் காட்டும் படத்தை 1975இல் கேலோவே என்ற புவியியலாளர் வரைந்தார். முக்கோண வடிவத்தை இழந்த டெல்டாக்களும் அப்படத்தின் முக்கோணத்துக்குள் தங்களுக்குரிய இடத்தைப் பெற்றன.

முக்கோணம் என்ற சொல்லுக்குக் காவிரி நன்றாகவே பொருந்துகிறது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு, பாமணியாறு என்று விரிந்து, கொள்ளிடத்தின் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரையிலான கிழக்குக் கரையை முக்கோணத்தின் அடியாக்குகிறது. வேதாரண்யத்தை ஒட்டி வரிசை வரிசையாகக் கிடக்கும் மணல்மேடுகள், கடல் படிப்படியாகப் பின்வாங்கிய பழைய கரைகளின் தடங்கள். இம்மண்ணின் மக்கள் 'டெல்டா மாவட்டங்கள்' என்று இயல்பாகச் சொல்லும் அளவுக்கு இப்பெயர் தமிழில் வேரூன்றிவிட்டது. அவர்கள் அறிந்த இன்னொன்றும் உண்டு: வண்டல் வரவு நின்றால் டெல்டா நிலைக்காது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னை ஒட்டிய வண்டலைக் கொண்டுவந்த நைல், 1970இல் அஸ்வான் உயரணை நிறைவுற்ற பின் ஏறத்தாழ வெறும் நீராகவே கடலை அடைய, அதன் ரொசெட்டா முனையைக் கடல் அரித்துத் தின்றது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபின் காவிரியின் வண்டலில் பெரும்பங்கு அணையின் அடியில் தங்குகிறது. மணற்கொள்ளையும் நிலத்தடி நீர் உறிஞ்சலும் சேரும்போது, ஆறு பல ஆயிரம் ஆண்டுகள் உழைத்துத் தந்த நிலத்தில் உப்பு உட்புகுவதைத் தடுப்பது மேலும் கடினமாகிறது. இதைக் கவனிக்கத் தவறுவது பெரும் பிழை.

வடிவத்தை விட்டு உள்ளமைப்பை நோக்கிப் புவியியலார் நகர்ந்ததால்தான் இச்சொல் பூமியையும் கடந்தது. அமெரிக்காவின் போனவில் என்ற வற்றிப்போன ஏரியின் கரைகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆராய்ந்த குரோவ் கார்ல் கில்பர்ட், டெல்டாவை வெட்டிப் பார்த்தால் மேலே கிடையான படிவுகளும், நடுவே ஏரியை நோக்கிச் சாய்ந்த படிவுகளும், அடியில் மீண்டும் கிடையான மெல்லிய படிவுகளும் இருக்கும் என்று காட்டினார். செவ்வாய்க் கோளில் 45 கிலோமீட்டர் அகலமுள்ள ஜெசரோ கிண்ணக்குழியின் மேற்கு விளிம்பில் விசிறியாகப் பரந்த படிவு ஒன்றைச் சுற்றுக்கலங்கள் முன்பே படமெடுத்திருந்தன. 2021 பிப்ரவரி 18 அன்று அங்கு இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, கோடியாக் என்று பெயரிடப்பட்ட தனிக்குன்றின் செங்குத்தான முகத்தைத் தொலைவிலிருந்தே படம் எடுத்து அனுப்பியது. கிடையான அடுக்குகளுக்கு நடுவே சாய்ந்த அடுக்குகள் அதில் தெளிவாகத் தெரிந்தன. முந்நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே ஓர் ஏரி இருந்ததென்றும், அதில் ஓர் ஆறு வந்து விழுந்ததென்றும் ஆய்வாளர்கள் அதைக்கொண்டு உறுதி செய்தனர்.